ஒளித்த டப்பாவும் தொலைந்த கல்லும்: கையடக்க ஜிபிஎஸ் குறித்துச் சில குறிப்புகள்

ஒரு கருவியை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் சிறுபத்திரிகைச் சூழலில் இல்லை. பிரதி என்றால் நமக்குக் கவிதை, நாவல், மிஞ்சிப்போனால் சினிமா. ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஜிபிஎஸ் கருவியின் திரையும் ஒரு பிரதிதான். அதில் அட்சரேகை ஒரு வரி, தீர்க்கரேகை ஒரு வரி. ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருக்கும்: ± 5 மீ. முதல் இரண்டையும் எல்லோரும் வாசிக்கிறார்கள். மூன்றாவதை யாரும் வாசிப்பதில்லை. இங்கே பேச வேண்டியது அந்த மூன்றாவதைத்தான்.

கருவி வாங்குவோரில் ஒரு பகுதியினர் ஜியோகேச்சிங் என்ற விளையாட்டுக்காக வாங்குகிறார்கள். அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. சுமார் நூறு மீட்டர் தள்ளித்தான் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளிண்டன் அரசு அந்தக் கலப்படத்தை நிறுத்தியது. உடனே, மே 3ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களைப் போட்டுக் காட்டோரம் ஒளித்து வைத்து, அதன் ஆயத்தொலைவை இணையத்தில் அறிவித்தார். சில நாட்களுக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆட்டம் பிறந்தது இப்படித்தான். கண்டவர் டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் கையெழுத்திட வேண்டும், ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும், ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்று பின்னால் விதிகள் வந்தன. கலப்படம் நின்ற பிறகும் பிழை முழுக்கப் போய்விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கருவி அய்ந்து பத்து மீட்டர் வட்டத்துக்குள் கொண்டுபோய் விடும். அதற்குப் பிறகு கல்லைப் புரட்டி, பொந்தைத் துழாவி நாமே தேட வேண்டும். ஆக, பிழை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் விளையாட்டும் தொடங்குகிறது.

"டப்பாவ ஒளிச்சு வெச்சுத் தேடறதுல என்னய்யா அரசியல்?" என்று கேட்கலாம். இந்த ஆட்டக்காரர்களிடம் ஒரு சொல் உண்டு: மகில். ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் தெரியாத சாதாரண மனிதர்களுக்கான பெயர். ஜியோகேச்சிங்கில் ஆட்டம் தெரியாத எல்லோரும் மகில்கள். அவர்கள் கண்ணில் படாமல் எடுக்க வேண்டும், படாமல் வைக்க வேண்டும். அதாவது அந்த இடத்தில் வாழ்கிறவரே அந்த இடத்தை அறியாதவராகக் கட்டமைக்கப்படுகிறார். எங்கிருந்தோ எண்களோடு வந்தவர் அறிந்தவராகிறார். காலனிய ஆய்வுப் பயணிகளின் குறிப்புகளைப் படித்தவர்களுக்கு இது புதிய விஷயமல்ல.

இதை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இறக்கி வைத்துப் பார்ப்போம். பேட்டரி போட்ட கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் ஒருவர் குனிந்து குனிந்து நடந்தால், அங்கே குடியிருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா சார், சர்வேயா? வூட்ட எடுக்கப் போறாங்களா?" என்பதாகத்தான் இருக்கும். மந்திரம் தெரியாதவரின் கேள்வி அல்ல இது. கருவியின் வரலாறு தெரிந்தவரின் கேள்வி. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்ட குடும்பங்களின் கதை இந்த ஊர்களில் தெரியாதவர் இல்லை.

ஆவடியில் இன்னொரு சிக்கல். கனரக வாகனத் தொழிற்சாலை, எஞ்சின் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை, டாங்கி ஆய்வு நிறுவனம், விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் என்று மதில் மதிலாகப் போகும் ஊர் அது. (ஆவடி என்பதே ராணுவ வாகனங்கள் பற்றிய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக் கூட்டு என்று ஒரு கதை சுற்றுகிறது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் இங்கே கூடி 'சோஷலிச பாணிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்டபோதே ஊருக்கு அந்தப் பெயர்தான். டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961இல்.) மதிலோரப் புதரில் மூடிய டப்பா ஒன்று கிடந்தால் இங்கே அதற்கு ஒரே பொருள்தான். 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் இப்படி ஒளித்த டப்பாவை வெடிகுண்டு என நினைத்துத் தெருவையே காலி செய்து, ராணுவ நிபுணர்கள் அதை வெடிக்க வைத்தார்கள். அது வெள்ளைக்காரர்களின் சிற்றூர், வேடிக்கைச் செய்தியாக முடிந்தது. தடா வழக்குகளுக்கான தனி நீதிமன்றம் இயங்கிய பூந்தமல்லியில், தேடுகிறவரின் பெயர், மதம், தோலின் நிறம் எல்லாம் விசாரணையின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டுவிடும். இந்த ஆட்டத்துக்கு வேண்டிய முதல் சாதனம் ஜிபிஎஸ் அல்ல, சந்தேகப்படாத உடம்பு. அது கடையில் கிடைக்காது.

மிஷேல் தெ செர்த்தோ நியூயார்க்கின் உலக வர்த்தக மைய உச்சியிலிருந்து நகரத்தைப் பார்ப்பவரையும் கீழே நடப்பவரையும் எதிரெதிரே நிறுத்தினார். மேலிருந்து பார்ப்பது அதிகாரத்தின் பார்வை; நடப்பவரோ தன் நடையால் நகரத்தை வேறு விதமாக எழுதிச் செல்கிறார். கையடக்க ஜிபிஎஸ் இந்த எதிர்வைக் குழப்பிவிட்டது. இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்துப் பார்வை இப்போது நடப்பவர் கையில். இதனால் நடப்பவருக்கு அதிகாரம் வந்துவிட்டதா, அதிகாரம் நடப்பவரின் காலுக்குள் இறங்கிவிட்டதா என்பதற்குச் செர்த்தோவிடம் பதில் தேடிப் பயனில்லை. நம்மூர் மண்ணில் தேடலாம்.

பூந்தமல்லியிலிருந்து மவுண்ட்–பூந்தமல்லிச் சாலை வழியே கிழக்கே போனால் பரங்கிமலை. திப்பு வீழ்ந்து மூன்றாண்டுகள் கழித்து, 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கு முதல் அடிக்கோடு போட்டது அங்கேதான். வடமுனை பரங்கிமலை, தென்முனை பெரும்பாக்கம் குன்று. நீளம் ஏழரை மைல். இரும்புச் சங்கிலியால் அந்தக் கோட்டை அளந்து, அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கித் துணைக்கண்டம் முழுவதும் வரைபடமானது. கம்பெனி அளவுக்கோடு முடிந்த அதே பெரும்பாக்கத்தில்தான் இன்று ஆற்றோரத்திலிருந்து அகற்றப்பட்டவர்களின் அடுக்குமாடிகள் நிற்கின்றன. தற்செயல்தான். இருக்கட்டும்.

லாம்டன் வழிவந்த அளவையின் எச்சம் உங்கள் கருவிக்குள்ளும் இருக்கிறது. பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் கோளவடிவைக் கொண்டு வரையப்பட்டவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. கருவியின் அமைப்புகளுக்குள் போய் இதைச் சரியாக வைக்காவிட்டால், பழைய வரைபடத்தில் குறித்த ஏரி மதகு நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கெடவில்லை, இரண்டு பேரரசுகளின் பூமி உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவில்லை, அவ்வளவே. அந்தப் பழைய வரைபடங்களும் லேசில் கிடைத்ததில்லை. கடற்கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வரை நில அளவைத் துறையின் விரிவான வரைபடங்கள் தடை செய்யப்பட்டிருந்தன. சென்னையும் அதன் மேற்குப் புறமும் முழுக்க அதற்குள் அடக்கம். தன் ஊர் ஏரியின் படத்தைப் பார்க்க ஒருவர் அனுமதிக்கு எழுதிப் போட வேண்டியிருந்தது. 2005 வரைபடக் கொள்கை கொஞ்சம் திறந்தது, 2021 பிப்ரவரி வழிகாட்டுதல்கள் இந்தியர்களுக்குப் பெருமளவு திறந்துவிட்டன. திறந்ததும் முதலில் உள்ளே நுழைந்தவர்கள் யார் என்பதை ஆவடி–பூந்தமல்லிச் சாலையின் மனை விளம்பரப் பலகைகளில் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்குவது பற்றிச் சுருக்கமாக. "கையில செல்போன் இருக்கே, அது போதாதா?" பல வேலைகளுக்குப் போதும். ஆனால் போனின் வழிகாட்டும் செயலிகள் நம்மை அருகிலுள்ள சாலைக்கு இழுத்து ஒட்டவைக்கும். நாம் நடந்தது சேற்றில், படத்தில் தெரிவது தார் ரோடு. கையடக்கக் கருவி நடந்ததை நடந்தபடி தடமாகப் பதியும், மழையில் நனையும், கொளுத்தும் வெயிலிலும் திரை தெரியும். கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரியில் ஓடும் மாடல் நல்லது. கார்மின் இட்ரெக்ஸ் வகையில் பல மாடல்கள் அப்படிப்பட்டவை. ஒரே அதிர்வெண்ணைக் கேட்பதைவிட இரண்டைக் கேட்கும் கருவி, தொழிற்பேட்டைத் தகரக் கூரைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இடையே எதிரொலித்து வரும் அலையால் குறைவாக ஏமாறும். ஏரிக்கரை போன்ற திறந்த வானத்துக்குக் கீழே இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. ஒரு எச்சரிக்கை: செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதியுள்ளவற்றை வாங்க வேண்டாம், வெளிநாட்டு உறவினரிடம் சொல்லியும் வரவழைக்க வேண்டாம். உரிமம் இல்லாமல் அவற்றை வைத்திருப்பது இங்கே சட்டவிரோதம். 2024 டிசம்பரில் அப்படியொரு கருவியோடு கோவா விமான நிலையத்துக்கு வந்த வெளிநாட்டுப் பயணி பிடிபட்டார். ஒரே மாடலில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து சேர்ந்தது, சேராதது என்று இரண்டு இருக்கும். சேராததுதான் நமக்கு.

எண்ணை எழுதிக்கொள்ளும் முறையிலும் கவனம் வேண்டும். ஜியோகேச்சிங் ஆட்கள் பாகையையும் தசம நிமிடத்தையும் பயன்படுத்துவார்கள். அம்பத்தூர்ப் பக்கத்து அட்சரேகை ஒன்று 13 பாகை 06.500 நிமிடம் என்றால் அது 13 பாகை 6 நிமிடம் 30 விநாடி. அதை 50 விநாடி என்று வாசித்தவர் அறுநூறு மீட்டர் வடக்கே போய் நிற்பார். மனுவில் இப்படி ஒரு தவறு இருந்தால் அதிகாரிக்கு அதைவிட வசதி வேறில்லை.

இனி அந்த அய்ந்து மீட்டர். டப்பா தேடுகிறவருக்கு அது பத்து நிமிடச் சுவாரஸ்யம். ஏரி எல்லையில் அது என்ன? சென்னைப் புறநகரின் கால் கிரவுண்டு மனை இருபதடிக்கு முப்பதடி. அய்ந்து மீட்டர் என்பது பதினாறடி. கோடு ஒரு பக்கம் சாய்ந்தால் வீடு பட்டா நிலத்தில், மறுபக்கம் சாய்ந்தால் ஏரிப் புறம்போக்கில். அந்த ± குறியாவது உத்தரவாதமா என்றால் அதுவும் இல்லை. அது கருவியின் மதிப்பீடு; உண்மைப் புள்ளி வட்டத்துக்கு வெளியேயும் இருக்கலாம். இன்னொரு பக்கம், நில அளவர்களின் பழைய சங்கிலி 66 அடி, நூறு லிங்க்ஸ். ஒரு லிங்க் எட்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. பழைய புலப்படங்களில் கல்லுக்குக் கல் தூரம் இந்த லிங்க்ஸ் கணக்கில்தான் எழுதப்பட்டது. ஆக, பக்கத்துக் கல்லிலிருந்து அளப்பதில், உங்கள் பையிலிருக்கும் செயற்கைக்கோள் யுகத்துக் கருவியைவிட அந்தத் துருப்பிடித்த சங்கிலி பல மடங்கு நுட்பமானது. அதற்கு ஒரே நிபந்தனை, கல் இருக்க வேண்டும். ஏரியோரத்தில் முதலில் காணாமல் போவது கல்தான்.

கல்லை யார் பிடுங்கினார்கள் என்பதில் நம் சூழலியல் சொல்லாடல் காட்டும் மௌனம் கவனத்துக்குரியது. 'ஆக்கிரமிப்பு' என்றதும் கரையோரக் குடிசைதான் நினைவுக்கு வருகிறது. அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில் 'ஏரித் திட்டம்' என்று அரசே பெயர் வைத்து ஏரிக்குள் மனை போட்டு விற்றது. ஏரி போய்விட்டது, முகவரியில் மட்டும் இருக்கிறது. அங்கே குடியேறியவர் ஒதுக்கீடு பெற்றவர். கரையில் குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர். ஏரிகளை அளந்து எல்லை குறித்து ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். எங்கிருந்து அளக்கத் தொடங்குவது, எந்த ஆண்டின் படத்தை எடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 1892 ஆணைப்படி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1994 அக்டோபரில் காரணையில் இருவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். பதிவேட்டில் உள்ள எண் தரையில் எங்கே என்று காட்டுவது அந்தப் போராட்டங்களில் பாதி வேலை.

அதனால் 'இது ஏகாதிபத்தியக் கருவி' என்று ஒதுக்குகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சங்கிலியும் கம்பெனி கொண்டுவந்ததுதான். அதே சமயம், வார இறுதியில் கருவியோடு வந்து ஏரியைச் சுற்றி நடந்து, வண்ணப் படம் போட்டு, 'மக்கள் வரைபடம்' என்று வெளியிட்டுவிட்டுப் போகும் தொண்டு நிறுவனப் பாணியையும் ஏற்க முடியாது. அந்தப் படங்களில் கோடு கத்தியால் கீறியதுபோல் மெல்லியதாக இருக்கும். பத்து மீட்டர் தடிமனுள்ள சந்தேகத்தை அப்படி வரைந்தால், அதை வைத்து நோட்டீஸ் ஒட்ட வருகிறவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். கோட்டை அதன் பிழையளவு தடிமனாகவே வரைய வேண்டும். அந்தப் பட்டைக்குள் விழும் வீடுகளை எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரே புள்ளியை வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் எடுத்துச் சராசரி காண வேண்டும். ஆட்டக்காரர்கள் டப்பா வைக்கும்போது செய்வது இதைத்தான், நாம் ஏன் செய்யக் கூடாது? முக்கியமாக, நடப்பது கரையில் குடியிருப்பவர்களோடு சேர்ந்து நடப்பதாக இருக்க வேண்டும். கருவியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு நாம் நோட்டைப் பிடிக்கலாம்.

நடப்பது எந்த விளிம்பில் என்பதும் கேள்வி. மே மாதத்தில் தண்ணீர் விளிம்பைச் சுற்றினால் கொரட்டூர் ஏரியோ அம்பத்தூர் ஏரியோ குட்டையாகத் தெரியும். டிசம்பரில் சுற்றினால் வேறு ஏரி. பதிவேட்டு எல்லையும் நீர் நிற்கும் எல்லையும் எப்போதும் ஒன்றல்ல. முழுக் கொள்ளளவில் நீர் எங்கே நிற்கும் என்பதைக் கலங்கல் உயரம்தான் தீர்மானிக்கிறது. இது உயரக் கணக்கு, ஜிபிஎஸ் உயரத்தில் இன்னும் மோசம். பக்கவாட்டில் வரும் பிழையைவிட அதிகம் வரும். பட்டணத்து மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரு முழம்தான் வித்தியாசம் என்கிற சமதரையில் அந்த எண்ணை நம்பிப் பயனில்லை. கலங்கலின் உயரத்தைத் தெருவுக்குள் கொண்டுவர, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூபை இருவர் இரண்டு முனையில் பிடித்தால் போதும். வீடு கட்டும் கொத்தனார் மட்டம் பார்ப்பது அதில்தான். ஏரிக்கரைத் தெருக்களில் கொத்து வேலைக்குப் போகிறவர் வீட்டுக்கு வீடு இருக்கிறார். 2015 டிசம்பரில் தண்ணீர் சுவரில் எதுவரை ஏறியது என்றும் அவரே காட்டுவார்.