கோச்சை மாற்றினால் கோல் வருமா?

இந்திய கால்பந்து அணி தோற்கும்போதெல்லாம் இரண்டு கட்சி கிளம்பும். ஒன்று 'கோச்சைத் தூக்கு' கட்சி. இன்னொன்று 'கோச் என்னங்க பண்ணுவார், மேலே இருக்கிறவங்க சரியில்லை' கட்சி. இரண்டு தரப்பும் பெரும்பாலும் கடைசி மேட்ச்சின் கோபத்தில்தான் பேசுகின்றன. கொஞ்சம் தள்ளி நின்று, 2023 ஜூலை முதல் 2025 நவம்பர் வரை நடந்ததை வரிசையாக வைத்துப் பார்ப்போமே. இந்தக் காலத்தில் ஃபிஃபா தரவரிசையில் 99-லிருந்து 142-க்கு இறங்கியிருக்கிறோம். மூன்று கோச்களைப் பார்த்துவிட்டோம்: குரோஷியாவின் இகோர் ஸ்டிமாச், ஸ்பெயினின் மனோலோ மார்க்கேஸ், இந்தியரான காலித் ஜமீல்.

ஒரு பக் திரும்பத் திரும்ப வந்தால் எங்கள் தொழிலில் முதலில் செய்வது, ஒரே ஒரு விஷயத்தை மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்து ஓட்டிப் பார்ப்பது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அந்தச் சோதனையை நமக்காகச் செய்து கொடுத்திருக்கிறது. இலவசமாக என்று சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் ஸ்டிமாச்சின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தார்கள், 2024 ஜூனில் நீக்கினார்கள், பிறகு 4 லட்சம் டாலரில் சமரசம் என்று செய்தி வந்தது.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுக்க 11 மேட்ச். ஒரு வெற்றிகூட இல்லை. முதல் 7 ஸ்டிமாச் காலம், கடைசி 4 மார்க்கேஸ் காலம். 11 மேட்ச்சிலும் சேர்த்து நாம் அடித்த கோல் 4. ஸ்டிமாச்சின் 7-ல் 2, மார்க்கேஸின் 4-ல் 2. ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா என மூன்று மேட்ச்சும் தோற்று, ஒரு கோல்கூட இல்லாமல் திரும்பினோம். புது கோச்சின் முதல் மேட்ச் மொரிஷியஸுடன், அதுவும் நம்ம ஹைதராபாத்தில். 0-0.

கோல் அடிக்க ஆளில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில் 40 வயதில் திரும்பக் கூட்டி வந்தார்கள். வந்தவர் மாலத்தீவுக்கு எதிராக கோலும் அடித்தார். 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் நம்பர் 9 சட்டைக்கு வேறு ஆளில்லையா என்று மார்க்கேஸைத் திட்டியவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான், ஆனால் கேட்க வேண்டிய இடம் அதுவல்ல.

ஐ.எஸ்.எல். 2014-ல் தொடங்கியது. 2024-25 வரை 11 சீசன். அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் பட்டியலைப் பாருங்கள். எலானோ, மெண்டோசா, மார்செலினோ, கோரோ, வால்ஸ்கிஸ், அங்குலோ, ஓக்பெச்சே என்று போகும். 11 சீசனில் ஒரு இந்தியர்கூட கிடையாது. ஆரம்பத்தில் ஆடும் 11 பேரில் 6 பேர் வரை வெளிநாட்டவர் இருக்கலாம் என்று விதி. 2017-ல் அது 5 ஆனது, 2021-ல் 4 ஆனது. நான்கே பேர் என்றாலும் கிளப்கள் முதலில் நிரப்புகிற இடம் எது? முன்வரிசைதான். சம்பளம் கொடுக்கிற கிளப்புக்கு கோல் வேண்டும், இந்தப் பையன் 3 வருஷத்தில் தேறுவான் என்று காத்திருக்க முடியாது. (சென்னையினுக்காக மெண்டோசாவும் வால்ஸ்கிஸும் அடித்தபோது நாமும்தான் விசில் அடித்தோம்.) விளைவு, இந்திய ஸ்ட்ரைக்கர் என்று ஒருவன் இருந்தாலும் அவனை விங்கில் ஒதுக்குவார்கள், இல்லையென்றால் பெஞ்சில் உட்காரவைப்பார்கள். தேசிய அணியின் கோச்சுக்கு ஆட்டக்காரர்கள் கையில் கிடைப்பது வருடத்தில் சில வாரங்கள். கிளப்பில் 8 மாதம் கற்காததை அவர் அதற்குள் சொல்லிக் கொடுத்துவிட முடியாது.

அதற்காக கோச் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரே கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: அன்றைக்கு வேறொரு நல்ல கோச் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா?

2024 மார்ச் 26, கவுஹாத்தி. உலகக்கோப்பை தகுதிச்சுற்று. எதிரணி ஆப்கானிஸ்தான், அதுவும் முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் தங்கள் சம்மேளனத்தோடு சண்டை போட்டு வராமல் போன ஆப்கானிஸ்தான். சேத்ரியின் 150-வது சர்வதேச மேட்ச், பெனால்டியில் அவரே கோல் போட்டு 1-0 முன்னிலை. கடைசி 20 நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கி 1-2 தோல்வி. மாறியிருக்கும். சொந்த மண்ணில், முன்னிலையில் இருந்த மேட்ச்சைக் கோட்டை விட்டது ஸ்டிமாச் கணக்கில்தான் போகணும்.

2023 செப்டம்பர், ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு. சீனாவிடம் 1-5. ஸ்கோரை மட்டும் பார்த்தால் கோச்சைத்தான் கேட்கத் தோன்றும். ஆனால் ஐ.எஸ்.எல். அதே வாரம் தொடங்கியது, கிளப்கள் ஆட்களை விட மறுத்தன. கடைசி நேரத்தில் ஒட்டுப்போட்டுச் சேர்த்த அணி போய் இறங்கியது மேட்ச்சுக்கு முந்தின நாள். இந்த அட்டவணையைப் போட்டவர் ஸ்டிமாச் இல்லை. பெப் கார்டியோலாவை உட்காரவைத்திருந்தாலும் தூக்கக் கலக்கம் தூக்கக் கலக்கம்தான்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், நியாயமானதும்கூட. ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் 2015-ல் வந்தபோது தரவரிசை 170-க்கு மேல். 2017-ல் 96. அப்படியென்றால் கோச்சால் முடியும்தானே? முடியும். இருக்கிற ஆட்களை வைத்துத் தோற்காத அணியை உருவாக்க நல்ல கோச்சால் முடியும். ஜமீலும் வந்த கையோடு தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றார், ஓமனை பெனால்டி ஷூட்அவுட்டில் வீழ்த்தினார். அதுவும் மோகன் பகான் தன் ஆட்களை விட மறுத்த நிலையில். ஆனால் இந்த ஏற்றம் ஒரு உயரத்தில் போய் முட்டி நின்றுவிடுகிறது. 2023-ல் ஸ்டிமாச் ஒரே வருடத்தில் 3 கோப்பை வாங்கினார். இம்பால், புவனேஸ்வர், பெங்களூரு. மூன்றும் வீட்டுத் திண்ணையில் ஆடியவை. அப்போது சம்மேளனம் கூடவே நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. ஆறே மாதத்தில் ஆசியக் கோப்பையில் முட்டியதும் போட்டோவில் கோச் மட்டும்தான் மிச்சம்.

இனி மேனேஜ்மென்ட் பக்கம். 2020 டிசம்பரில் தலைவரின் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடந்தது 2022 செப்டம்பரில்தான். இடையில் 2022 ஆகஸ்டில் ஃபிஃபா 11 நாள் தடை போட்டது. பிறகு மார்க்கேஸை நியமித்தபோது அவர் எஃப்.சி. கோவாவின் கோச்சாகவும் தொடர்ந்தார். தேசிய அணிக்கு பார்ட்-டைம் கோச்! அவருடைய 8 மேட்ச்சில் 1 வெற்றி.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது லீக் ஒப்பந்தம். 2010 டிசம்பரில் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸோடு 15 வருடம், 700 கோடி ரூபாய். எப்போது முடியும் என்பதை 2010-லேயே காலண்டரில் குறித்து வைத்திருக்கலாம். 2025 ஜூலையில், அடுத்த ஏற்பாடு தெரியாததால் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. சம்மேளனத்தின் சட்டவிதி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது, கையெழுத்துப் போட முடியாத நிலை, இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வழக்கு அவ்வளவு வருடம் இழுத்ததே நிர்வாகத்தின் கதைதானே. சில கிளப்கள் சம்பளத்தையே நிறுத்தின. நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடம், 22 வருடத்தில் முதல் முறையாக, 0-1 என்று தோற்றோம். அன்றைக்கும் லீக் தொடங்கியிருக்கவில்லை.

பழைய கதை ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். இந்தியாவின் ஆகச்சிறந்த கோச் சையத் அப்துல் ரஹீம். 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். கோச்சின் மகிமைக்கு எல்லோரும் காட்டுகிற உதாரணம். அவர் 1943 முதல் 1963-ல் இறக்கும்வரை ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. தேசிய அணிக்கு ஆட்டக்காரர்களை அள்ளிக் கொடுத்த ஊரில், ஆட்டம் சொல்லிக் கொடுத்தவரும் சங்கத்தை நடத்தியவரும் ஒரே ஆள்.

ஜமீலுக்கு அந்த வசதி இல்லை. அவர் கணக்கில் நான் எழுதுவது அக்டோபர் 14 கோவா மேட்ச்சை. சிங்கப்பூருக்கு எதிராக சாங்டே கோல் போட்டு 1-0 முன்னிலை, முடிவு 1-2. 2027 ஆசியக் கோப்பைக் கதவு அன்றோடு மூடியது. மீதியைக் கேட்க டெல்லியில் துவாரகா வரை போகணும், சம்மேளன ஆபீஸ் அங்கேதான் இருக்கிறது.