சாசாக் சிற்றூரும் நம் பயணக் கட்டுரைகளும்

கண்டதைக் கண்டவாறு எழுதுதலே பயணக் கட்டுரையின் முதல் இலக்கணம் என்பர். ஆனால் கண்ட பொருளுக்கு உரிய சொல் எது என்று தேர்ந்து கொள்ளாதவர்க்குக் கண்ணாற் கண்டதும் பிழைபட்டுப் போகும். லொம்போக் தீவின் சாசாக் மக்களைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகளைப் படிக்குந்தோறும் எனக்கு இவ்வெண்ணமே எழுகின்றது. பள்ளி விடுமுறைகளில் நம் ஆசிரியர் பலர் அத்தீவுக்குச் சென்று வருகின்றனர், வந்தவர் எழுதுகின்றனர், எழுதியவற்றை மாணவர்க்கு மாதிரிக் கட்டுரையாகவும் தருகின்றனர். அதனாலேயே அவற்றைச் சற்று ஆராய்ந்து நோக்கத் துணிந்தேன்.

நான் படித்தவற்றில் மூன்று செய்திகள் தவறாது வந்துவிடுகின்றன. வீட்டுத் தரையை மாட்டுச் சாணத்தால் மெழுகுகிறார்கள்; பெண்ணைத் திருடிச் சென்று மணம் செய்கிறார்கள்; துணி வாங்குமாறு பெண்கள் விடாது வற்புறுத்துகிறார்கள். முதலாவது வியப்பு, இரண்டாவது நகைப்பு, மூன்றாவது மனக்குறை. இம்மூன்றோடு கட்டுரை முற்றும். இவை யாவும் ஊர்வழிகாட்டி அரைமணி நேரத்தில் சொல்லி முடிப்பவை என்பதை அங்குச் சென்றவர் அறிவர். கட்டுரையாளர் அவர் சொன்னதை மொழிபெயர்த்தாரேயன்றி ஊரைப் பார்த்தாரில்லை.

சாசாக்கியர் சிறுகூட்டத்தார் அல்லர். பாலிக்குக் கிழக்கே ஒரு நீரிணை தாண்டினால் லொம்போக். அத்தீவின் பெரும்பான்மையோர் இவர்களே. தொகை 30 இலட்சத்துக்கு மேற்படும். தனிமொழி உடையவர், இசுலாம் நெறியினர். பெரும்பாலோர் செங்கல் வீடுகளில் வாழ்கின்றனர். பயணிகள் காணும் சாடே என்னும் சிற்றூரோ, பிராயா வானூர்தி நிலையத்திலிருந்து தென்கரையிலுள்ள கூத்தாவுக்குச் செல்லும் பெருவழியின் ஓரத்தில் ஏறத்தாழ 150 வீடுகளோடு அமைந்தது. அதனை மட்டும் கண்டு, சாசாக் மக்கள் எல்லாரும் இப்படித்தான் வாழ்கின்றனர் என்று எழுதுவது, தைப்பூசத்தன்று பத்துமலைக்கு வந்த ஒருவர் தமிழர் நாள்தோறும் காவடி எடுப்பர் என்று எழுதுவதை ஒக்கும்.

சாணத் தரையைக் கண்டு வியப்பவர் தமிழராக இருப்பதுதான் எனக்கு வியப்பு. களிமண்ணும் உமியும் கலந்து இறுக்கிய தரை. அதனை அவ்வப்போது சாணத்தால் மெழுகித் தேய்த்து மெருகேற்றுகின்றனர். நம் பாட்டிமார் செய்த வேலைதானே இது? 'மெழுகுதல்' என்னும் ஒரு சொல் தமிழ் படிப்போருக்குப் போதும். மேனாட்டுப் பயணிக்கு அரைப்பக்கம் விளக்க வேண்டிய ஒன்றை நாமும் நம்மவர்க்கு அரைப்பக்கம் விளக்கினால், அஃது அவர் கண்ணை இரவல் வாங்கிப் பார்ப்பதாகும்.

அந்த அரைப்பக்கத்தில் வீட்டின் அமைப்பைச் சொல்லியிருக்கலாம். 'பாலே தானி' எனப்படும் அவ்வீடு இருபகுதி உடையது. தாழ்ந்த முன்பகுதி விருந்தினர் அமர்வதற்கும் ஆடவர் உறங்குவதற்கும் உரியது. சில படிகள் ஏறினால் உட்பகுதி. அடுப்பு அங்கே, மகப்பேறு அங்கே, மணமாகாத பெண்மக்கள் உறங்குவதும் அங்கே. கூரை வேய்வது அலாங்-அலாங் புல்லால். நம் தோட்டங்களில் களையென்று மருந்தடித்து அழிக்கும் லாலாங் அதுவேயாம். 'லும்புங்' என்னும் நெற்களஞ்சியத்தின் தூண்தலைகளில் வட்டப் பலகை பொருத்தி எலி ஏறாவண்ணம் தடுத்திருக்கும் திறம் நின்று பார்க்கத்தக்கது. அதன் வளைந்த கூரைவடிவம் இன்று கடற்கரை விடுதிகளின் வடிவாகிவிட்டது. நெல் இருந்த இடத்தில் பயணி உறங்குகிறார். 2018 ஆகஸ்டு 5ஆம் நாள் 6.9 அளவுள்ள நிலநடுக்கம் அத்தீவை உலுக்கியபோது 500 பேருக்கு மேல் மாண்டனர். வடபகுதியில் செங்கற் சுவர்கள் சரிந்த இடங்களில், மரத்தாலும் மூங்கிலாலும் ஆன பழைய வீடுகள் பல நிலைத்து நின்றன. இதனைச் சொன்ன கட்டுரை ஒன்றையும் நான் கண்டிலேன்.

இனி, பெண்ணைத் திருடும் செய்தி. 'மெராரிக்' என்னும் வழக்கத்தை நம் கட்டுரையாளர் 'பெண் கடத்தல்' என எழுதுகின்றனர். வழிகாட்டிகள் ஆங்கிலத்தில் அவ்வாறு சொல்வது உண்மைதான். கேட்போர் திடுக்கிட வேண்டும் என்று தெரிந்தெடுத்த சொல் அது. 'ஓடுதல்' என்னும் பொருளுள்ள சொல்லடியாகப் பிறந்ததே மெராரிக் என்று விளக்குவர். நடப்பது யாது? விரும்பிய இருவரும் நாள் குறித்துக் கொள்கின்றனர். இரவில் பெண் தன் வீட்டை நீங்கி அவனுடன் செல்கிறாள். அவளை அவன் உறவினர் ஒருவர் வீட்டில் மறைவாக இருத்துகிறான். பின்னர் ஊர்த்தலைவர் வாயிலாகப் பெண்வீட்டாருக்கு முறைப்படி செய்தி செல்லுதல் வேண்டும். அதற்குச் 'செஜாத்தி', 'செலாபார்' எனப் படிநிலைகள் உள. அதன்பின் பேச்சு, தந்தை இசைந்தபின் நிக்காகு. "கோழிக்குஞ்சு கேட்பதுபோல் பெண்ணைக் கேட்டு வாங்குவதா?" என்று சாசாக்கியர் இதற்குக் காரணமும் கூறுவதுண்டு.

இதற்குத் தமிழில் சொல் இல்லையா? உடன்போக்கு என்னும் துறையை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கும் ஆசிரியர், அதே செயலை வேற்றுநாட்டில் கண்டவுடன் 'கடத்தல்' என்று எழுதுகிறார்! கடத்தல் என்பதில் பெண்ணுக்கு விருப்பம் இல்லை. உடன்போக்கில் அவள் விருப்பமே முதல். ஒரு சொல்லால் ஒரு மக்களின் திருமண முறை குற்றமாகிவிடுகின்றது. இரண்டும் முற்றும் ஒன்று என்றும் நான் சொல்லவில்லை. நம் அகப்பாடல்களில் உடன்போக்கு தடைவந்தவிடத்து நிகழ்வது. மெராரிக்கோ ஊர் ஏற்றுக்கொண்ட நெறி. நம் பாட்டில் மகளைப் பிரிந்த தாயின் புலம்பலே ஓங்கி நிற்கும். அங்கோ 'சொரோங் செரா' என்னும் சடங்கு ஓங்கி நிற்கிறது. இருவீட்டார் சார்பிலும் 'பெம்பாயுன்' எனப்படும் சொல்வல்லார் எதிரெதிர் அமர்ந்து, பழஞ்சாவகச் சொற்கள் மிடைந்த உயர்நடையில், இடையிடையே பாட்டிசைத்து உரையாடுவர். பெண்வீட்டாருக்குச் சேர வேண்டிய 'ஆஜி கிராமா' என்னும் முறைப்பொருள் அங்கே ஒப்படைக்கப்படும். அதன் அளவு குலத்துக்குத் தக வேறுபடும். உயர்குடிப் பெண் கீழ்க்குடியானை மணந்தால் பிறந்த வீட்டுத் தொடர்பை இழக்கும் கொடுமையும் அவ்வழக்கில் உண்டு. சொல்லைத் திருத்துவதால் இக்குறைகளை மூடிவிட முடியாது.

மற்றொன்று இதனினும் பெரிது. உடன்சென்ற பெண்ணுக்கு வயது என்ன? இந்தோனேசியாவில் 2019ஆம் ஆண்டின் 16ஆம் சட்டம் பெண்ணின் மணவயதை 16இலிருந்து 19ஆக உயர்த்திற்று. 2022இல் வந்த பாலியல் வன்முறைக் குற்றச் சட்டம், சிறார் மணத்தைக் கட்டாய மணத்துள் அடக்கிக் குற்றமாக்கியது. இவ்வளவுக்குப் பின்னும் லொம்போக் அடங்கிய மேலை நூசா தெங்காரா, சிறார் மணம் மிகுந்த மாநிலங்களுள் ஒன்றாகவே உள்ளது. ஓரிரவு வெளியே தங்கிய பெண்ணை மணஞ்செய்து கொடுத்தே தீர வேண்டும் என்னும் ஊர்க்கட்டுப்பாடு, பதினான்கு பதினைந்து வயதுச் சிறுமியரையும் பள்ளியிலிருந்து பிடுங்கிவிடுகின்றது. 'விந்தையான வழக்கம்' என்று சிரித்துவிட்டு நகரும் கட்டுரை இதனைத் தொடுவதே இல்லை. நாம் நெஞ்சு நிமிர்த்திப் பேசவும் இடமில்லை. இறையனார் களவியல் உரை தலைவிக்கு வகுத்த வயது பன்னிரண்டே என்பதை நினைவிற் கொள்க. அவ்வுரையைப் படிக்கும் நாம் அவ்வயதில் நம் மாணவியரை மணஞ்செய்து அனுப்புவதில்லையன்றோ? அங்குள்ள பள்ளியாசிரியர்களும் அதற்காகவே போராடுகின்றனர்.

துணி விற்பது பற்றிய மனக்குறைக்கு மறுமொழி சிறிது. சாடேயின் வயல்கள் மழையை நம்பியவை, ஆண்டுக்கு ஒருபோகம். எஞ்சிய மாதங்களில் தறியே சோறு போடுகிறது. நெய்யத் தெரியாத பெண்ணுக்கு மணம் இல்லை என்பது அவர்களிடையே பழைய விதி. சற்றுத் தொலைவில், கடலில் பாய்ந்த இளவரசி மண்டாலிகாவின் பெயரால் மோட்டார்ப் பந்தயத் திடல் ஒன்று 2021இல் திறக்கப்பட்டது. அதற்கான நிலத்திலிருந்து மக்கள் அகற்றப்பட்டதை அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர் சிலர் கண்டித்தனர். இந்நிலையில், பத்து வெள்ளி குறைத்துக் கேட்டும் அப்பெண் கொடுக்கவில்லை என்று எழுதுவது ஆசிரியர்க்கு அழகன்று.

வடக்கே பாயானில் வழங்கும் 'வெத்து தெலு' நெறியிலும் சொல்லே இடறுகின்றது. ஐந்து வேளைத் தொழுகையை மூன்றாகக் குறைத்தவர் என்று எளிதாக எழுதிவிடுகின்றனர். 'வக்து' என்னும் வேளையைக் குறிக்கும் சொல்லாகக் கொண்டதன் விளைவு இது. அந்நெறியினர் கூறும் பொருளோ வேறு. 'மெத்து' என்பது தோன்றுதல். கருவில் தோன்றுவது, முட்டையில் தோன்றுவது, வித்தில் தோன்றுவது என உயிர்த்தோற்றம் மூன்று. தோற்றம் நால்வகை என்று படித்த நமக்கு இஃது எளிதில் விளங்கும். எர்னி புடிவாந்தி 2000இல் வெளியிட்ட நூல், இந்நெறிக்கும் ஐவேளை நெறிக்கும் இடையிலான பூசலை விரித்துரைக்கின்றது. 1965-66ஆம் ஆண்டுகளின் அரசியல் கொந்தளிப்புக்குப் பின் இந்நெறியினர் பலர் அதனைக் கைவிட நெருக்கப்பட்டனர். ஆகவே வேளைகளை எண்ணிச் சொல்வது அங்கு வெறும் எண்ணிக்கை அன்று.

இவை எல்லாவற்றினும் எனக்கு வருத்தம் தருவது, தமிழாசிரியர் ஒருவரேனும் சாசாக்கியரின் ஏடுகளைப் பற்றி எழுதாமையே. அங்கு ஏட்டுக்குப் பெயர் 'லொந்தார்'. 'ரொன்' என்பது இலை; 'தால்' என்பது பனை; எழுத்து மாறி லொந்தார் ஆயிற்று என்பர். பனையோலையில் சிறு கத்தியால் கீறிக் கரி பூசுகின்றனர். அக்கரிக்கு எரிப்பது நம் சந்தையில் புவா கெராஸ் என்று விற்கும் கொட்டையை. மத்தராம் நகர அரும்பொருட் காட்சியகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள் உள. எழுத்து, பல்லவர் எழுத்திலிருந்து கவி எழுத்தாகி, சாவகத்திலும் பாலியிலும் உருமாறி வந்தது. அடிப்படை எழுத்துகள் 18. நம் மெய்யும் 18 ஆதல் தற்செயல். அதைப் பிடித்துக்கொண்டு 'சாசாக் எழுத்து தமிழே' என்று எவரேனும் கிளம்பிவிடுவரோ என்றும் அஞ்சுகிறேன். வித்து வந்த வழி ஒன்று. மரமும் கனியும் அவர்களுடையவை.

அவ்வேடுகளை அவர்கள் படிக்கும் முறையே சிறப்பு. திருமணத்திலும் சுன்னத்து விழாவிலும் ஏட்டை விரித்து ஒருவர் இசையோடு பாடுவார். மொழி பழஞ்சாவகச் சாயல் உடையதாதலின் கேட்போருக்குப் புரியாது. அருகிலிருப்பவர் ஒவ்வோர் அடிக்கும் அன்றாடச் சாசாக் மொழியில் பொருள் விரிப்பார். கோயிலில் புராணம் வாசிப்பாரும் பயன் சொல்வாருமாக இருவர் அமரும் முறையை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுமா? அங்ஙனம் படிக்கப்படும் கதைகளுள் 'மெனாக்' ஒன்று. நிழற்கூத்திலும் அதுவே ஆடப்படுகிறது. அதன் தலைவன் அமீர் ஹம்சா. 1511இல் போர்த்துகீசியர் தாக்குதற்கு முன்னிரவு மலாக்கா வீரர்கள் வீரகாதை கேட்டபோது, சுல்தான் முதலில் கொடுத்தனுப்ப எண்ணியது அமீர் ஹம்சா கதையையே என்று மலாய் வரலாற்று நூல் கூறுமன்றோ? அக்கதையின் உடன்பிறப்பு லொம்போக்கில் ஓலையில் வாழ்கின்றது. நாம் அவ்வூர் சென்று தரையை முகர்ந்து பார்த்துத் திரும்புகிறோம்!

இவற்றை அறிய வானூர்தி ஏற வேண்டும் என்பதும் இல்லை. நம் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவோருள் லொம்போக்கினர் நிரம்ப உளர். எங்கள் தோட்டத்திலும் நடு லொம்போக்கைச் சேர்ந்தவர் சிலர் உள்ளனர். அவருள் ஒருவர் நாற்பது கடந்தவர். மாலையில் பள்ளி வேலியோரம் நின்று என்னோடு மலாயில் பேசுவார். தாம் மெராரிக் செய்தே மணந்ததாகவும், ஆஜி கிராமாக் கடனை அடைக்கவே முதன்முதல் மலேசியாவுக்கு வந்ததாகவும் சொன்னார். அக்கதையைச் சொல்லுகையில் முகம் மலர்ந்தது. மகளைப் பற்றிக் கேட்டேன். இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாளாம். இரவுதோறும் தொலைபேசியில் அழைத்து, வீட்டின் உட்பகுதியில்தான் இருக்கிறாளா என்று அவள் தாயிடம் கேட்டுக்கொண்ட பிறகே உறங்கச் செல்வதாகச் சொன்னார்.