புயலுக்குப் பெயர் வைத்த பிறகு

2024 நவம்பர் 30, நண்பகல். சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். அன்றிரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் அதிகாலை 4 மணிக்கெல்லாம் விமான நிலையம் திறந்துவிட்டது. சென்னைக்காரர்களின் பயணச் சிக்கல் பெரும்பாலும் அத்தோடு தீர்ந்தது. விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊரான மரக்காணத்தை ஒட்டிய உட்பகுதிகளுக்கு அப்போதுதான் தொடங்கியது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவுக்கு ஏறியதால் ரயில்கள் நின்றன. விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் நெடுஞ்சாலை மீது தண்ணீர் ஓடியது. அன்று சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு டிக்கெட் வைத்திருந்த ஒரு விழுப்புரத்துக்காரரை நினைத்துக்கொள்வோம். விமானம் புறப்படும், அவர் அதில் இருக்க மாட்டார்.

பயணக் காப்பீடு என்று ஒன்று இருப்பதே இப்படிப்பட்டவருக்காகத்தான் என்று தோன்றும். பணம் கிடைக்குமா என்றால், அவர் ரயிலில் வர இருந்தாரா, சொந்தக் காரில் கிளம்பினாரா, பாலிசியை எந்தத் தேதியில் வாங்கினார் என்று மூன்று கேள்விகள் முன்னே வந்து நிற்கும். பல பாலிசிகளில், பொதுப் போக்குவரத்து நின்றதால் விமானத்தைத் தவறவிட்டால் ஈடு உண்டு. வீட்டுக் காரை வெள்ளம் மறித்திருந்தால் அது அவர் பாடு. வெள்ளம் ஒன்றே, இழப்பும் ஒன்றே.

தேதிக் கேள்விதான் இந்தக் கரைக்கு மிகவும் பொருந்துவது. வாங்குவதற்கு முன்பே ஊரறிந்துவிட்ட நிகழ்வுக்கு ஈடு இல்லை என்பது பயணக் காப்பீட்டில் பொதுவான விதி. விதி நியாயமானதுதான். வீடு பற்றி எரியும்போது தீக்காப்பீடு கேட்டால் எந்த நிறுவனமும் தராது. ஆனால் புயல் எந்த நிமிடத்தில் ‘அறிந்த நிகழ்வு’ ஆகிறது? ஃபெஞ்சலின் கதையைப் பாருங்கள். நவம்பர் 27 வாக்கிலேயே பத்திரிகைகள் அந்தப் பெயரைப் போட்டுவிட்டன. 28-ஆம் தேதி, அது புயலாக மாறாமல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரையேறலாம் என்றது இந்திய வானிலை ஆய்வுத் துறை. 29-ஆம் தேதி பிற்பகலில்தான் முறைப்படி புயல் ஆனது. 28-ஆம் தேதி மாலை பாலிசி வாங்கியவர் அறிந்து வாங்கினாரா, அறியாமலா? பெரும்பாலான பாலிசி வாசகங்களில் இதற்குத் தெளிவான விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் க்ளைம் பிரிவு அதிகாரியின் விருப்பமே விதியாகிவிடுகிறது. ‘வானிலைத் துறை தமிழகக் கரைக்கு இன்ன நிறத்தில் எச்சரிக்கை விடுத்த நேரம் முதல்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்ததுதான், விடுமுறை அதை நம்பித்தானே!

அந்த வரி எழுதப்படும்வரை வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிக்கெட் போட்ட அன்றே பாலிசியையும் வாங்கிவிடுவது. பயண ரத்துக்கான பாதுகாப்பு பொதுவாகப் பாலிசி வாங்கிய நாள் முதலே தொடங்குகிறது. பிரீமியமோ பயண நாட்களைக் கணக்கிட்டுத்தான். முன்கூட்டி வாங்கினால் கூடுதல் செலவு பெரும்பாலும் இல்லை. நம்மவர்களோ ஐப்பசியில் டிக்கெட் போட்டுவிட்டு, கார்த்திகையில் ‘வங்கக் கடலில் புயல் சின்னம்’ என்று டி.வி.யில் ஓடத் தொடங்கியதும் இன்சூரன்ஸ் தேடுகிறோம். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் கரையைக் கடந்ததும் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட இதே பகுதிதான். மரக்காணத்தை அடுத்த கழுவெளிச் சதுப்பு நிலத்துக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்திறங்குவதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுற்றுலாக் கூட்டம் கூடுவதும் அந்த மாதங்களில்தான்.

இன்னொரு மயக்கத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். விமான நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதோ மாற்று விமானம் தருவதோ அந்த நிறுவனத்தின் கடமை. புயலால் ரத்தானால் தனி இழப்பீடு தர வேண்டியதில்லை. பணம் திரும்ப வேண்டும். ரத்தான ரயிலுக்கும் முழுக் கட்டணம் திரும்பிவிடுகிறது. அந்த ரூபாய்க்குக் காப்பீட்டு நிறுவனம் இரண்டாவது முறை தராது. ஆகவே ‘பயண ரத்து’ என்ற தலைப்பின் கீழே உண்மையில் மிஞ்சுவது, திருப்பித் தர மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்ட விடுதி முன்பணமும் சுற்றுலா ஏற்பாட்டுக் கட்டணமும்தான். விடுதி ஏற்கெனவே இலவச ரத்து வசதி தந்திருந்தால் அந்தப் பகுதிக்கான பிரீமியம் வீண்.

உள்நாட்டுப் பயணத்துக்கு வருவோம். சென்னையில் ஒரு குடும்பம் சனிக்கிழமை காரில் கிளம்பி, கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்துவிட்டு, மரக்காணம் உப்பளங்களில் வெள்ளைக் குவியல்களோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறது. இவர்களுக்குப் பயணக் காப்பீடு தேவையா? என் கருத்தில் தேவையில்லை. வாங்கினாலும் பயன்படாமல் போக வாய்ப்பு அதிகம். வசிக்கும் ஊரிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் போனால்தான் அதைப் பயணம் என்றே ஒப்புக்கொள்ளும் பாலிசிகள் உண்டு. அந்த எல்லை 150 கிலோமீட்டர் என்றால், 120 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் மரக்காணத்துக்குப் போனவர், பாலிசியின் கண்ணில் வீட்டை விட்டே கிளம்பவில்லை. கோட்டைக்கு அருகே முகத்துவாரத்தில் மீனவர் படகில் ஏறிச் சுற்றி வருவதும் பெரும்பாலும் கணக்கில் வராது. கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற ஊர்தியைத்தான் பாலிசிகள் ஏற்கின்றன.

அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றப்போவது காரின் பாலிசியும் வீட்டில் இருக்கும் மருத்துவக் காப்பீடும். காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், விபத்தில் அடிபடும் எதிராளிக்கு ஈடு கிடைக்கும். சொந்தக் காரில் உட்கார்ந்திருக்கும் மாமியாருக்கும் மச்சினனுக்கும் பொதுவாகக் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் அவர்களும் வருவார்கள். ‘ஓன் போர்டு’ எனும் சொந்த உபயோக வண்டியை வாடகை பேசி எடுத்துக்கொண்டு போவது நம் ஊரில் சர்வ சாதாரணம். வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால், நிபந்தனை மீறல் என்று நிறுவனம் வழக்காட வழி பிறக்கிறது. இருநூறு ரூபாய் பயணக் காப்பீட்டைப் பற்றி அரை மணி நேரம் யோசிப்பவர், ஏறப்போகும் வண்டி வாடகைக்கான டி போர்டா என்று ஒரு நொடி எட்டிப் பார்ப்பதில்லை.

ரயிலில் வருபவர்களுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. தரும் காப்பீட்டை நான் தாராளமாகவே பாராட்டுவேன். 2016 செப்டம்பரில் 92 பைசாவுக்குத் தொடங்கியது. பிறகு கட்டணம் பலமுறை மாறி, 45 பைசாவுக்கு வந்தது. விபத்தில் உயிரிழப்பு அல்லது முழு நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 7.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை. வழியில் ரயிலை நிறுத்தி, ரயில்வேயே பேருந்து ஏற்பாடு செய்து அனுப்பினால் அந்தப் பேருந்துப் பயணத்துக்கும் இது செல்லும். வெள்ளக் காலத்தை நினைத்து யாரோ அக்கறையோடு எழுதிய நிபந்தனை. இதை ஏற்காவிட்டாலும் ரயில் விபத்தில் உயிரிழந்தால் ரயில்வே தர வேண்டிய 8 லட்சம் தனியே உண்டு. அது சட்டப்படியான உரிமை. ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் கேட்டுப் பெறலாம்.

குறை என்னவென்றால், அந்த 45 பைசா எதற்கு என்று பலருக்குத் தெரிவதில்லை. ரயில் தாமதத்துக்கு, தொலைந்த பெட்டிக்கு, ஓடும் ரயிலில் வந்த நெஞ்சுவலிக்கு இதில் எதுவும் இல்லை. மரக்காணத்தில் ரயில் நிலையமே கிடையாது. திண்டிவனத்தில் இறங்கி பஸ் ஏறியதும் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. நாமினி பெயரைப் பதியச் சொல்லி காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் இணைப்பை விளம்பரக் குறுஞ்செய்தி என்று எண்ணிப் பலர் அழித்துவிடுகிறார்கள். பிறகு வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் அலைவது குடும்பத்தின் வேலை.

வெளிநாடு என்றால் என் கணக்கு முற்றிலும் மாறிவிடும். அங்கே இந்தப் பொருள் உண்மையிலேயே மதிப்புள்ளது. காரணம் மருத்துவச் செலவு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவப் பாதுகாப்பு கட்டாயம். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. மருத்துவச் செலவு மிக அதிகமான நாட்டுக்குக் காப்பீடு இல்லாமலே விமானம் ஏறலாம் என்பது வினோதம்தான். மகன் வீட்டுக்குப் போகும் அறுபது வயது கடந்த பெற்றோருக்கு வாங்கித்தரும்போது பெரிய எழுத்தில் இருக்கும் டாலர் தொகையைப் பார்த்து ஏமாறக் கூடாது. அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று உள்ளே வைக்கும் சப்-லிமிட்டுகள்தான் உண்மையான தொகை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தால் சொல்லிவிட வேண்டும். பிரீமியம் கூடுமே என்று மறைத்தால், ஆபத்து நேரத்தில் முதலில் புரட்டப்படும் பக்கம் அதுதான். ஏற்கெனவே இருந்த நோய்க்கு உயிர் காக்கும் அவசர சிகிச்சை மட்டும் என்று வரம்பிடும் பாலிசிகளே அதிகம். அதையும் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களில் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பிரிவினருக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், விபத்து மரணத்துக்கு 10 லட்சம். கட்டாயமாக்கியதால் அது எல்லார் கைக்கும் போகிறது. ஆனால் ஏஜென்ட் கட்டும் கட்டணங்களோடு சேர்ந்து போவதால், அப்படி ஒன்று தன் பெயரில் இருப்பதே தெரியாமல் போவதற்கும் இடமுண்டு.

தெரியாமல் வாங்கவைப்பது இந்த வியாபாரத்தின் பழைய நோய். டிக்கெட் போடும் கடைசிப் பக்கத்தில் ஏற்கெனவே டிக் அடித்து வைப்பது. எடுத்துவிடப் போனால் ‘பாதுகாப்பில்லாமல் போகிறேன்’ என்று ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி உறுத்துவது. டிக் அடித்துவைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இலேயே சொல்லிவிட்டது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவ்விரு தந்திரங்களையும் முறையற்ற வணிகமாகவே வகைப்படுத்தின. இந்தத் தந்திரங்களால் பணத்தைவிடப் பெரிய கேடு வேறு. டிக் வழியே வந்த பாலிசியை யாரும் படிப்பதில்லை. படிக்காததால் கேட்பதில்லை. கேட்காததால் நிறுவனத்துக்கு லாபம்.

கேட்பவரையும் இழப்பை நிரூபிக்கச் சொல்லி அலைக்கழிப்பதைத் தவிர வேறு வழி உண்டா? உண்டு, அதற்கு மரக்காணத்திலேயே ஒரு சாயல் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் உப்பளங்களில் வேலை இருக்காது. பாத்தியில் மழைநீர் நிற்கும். அந்தக் காலத்துக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு திட்டம் வைத்திருக்கிறது. தொகை போதாது, அது வேறு விவாதம். கவனிக்க வேண்டியது அதன் அடிப்படை: எத்தனை மூட்டை உப்பு கரைந்தது என்று யாரும் ரசீது கேட்பதில்லை. பருவமே சான்று. குஜராத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, உப்பளப் பெண்கள் உள்ளிட்ட தன் உறுப்பினர்களுக்கு வெப்பநிலை ஒரு அளவைத் தாண்டினாலே பணம் தரும் காப்பீட்டைச் செயல்படுத்திக் காட்டியது. வானிலை அளவீட்டை வைத்துப் பயிர்க் காப்பீடு தருவது நாட்டில் பழகிய நடைமுறை. விமானம் இத்தனை மணி நேரம் தாமதமானால் இவ்வளவு என்று தானாகப் பணம் அனுப்பும் பிரிவும் சில பயண பாலிசிகளில் வந்துவிட்டது. அதே முறையை விழுப்புரம் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை, திண்டிவனம் தடத்தில் ரயில் நிறுத்தம் என்ற இரண்டு அரசு அறிவிப்புகளோடு இணைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதற்கும் ஒரு விலை உண்டு. எச்சரிக்கை வந்தும் மழை ஏமாற்றிவிட்டால் இழப்பே இல்லாதவருக்கும் பணம் போகும். எச்சரிக்கை வராமல் வெள்ளம் வந்தால் இழந்தவருக்குப் போகாது. இன்றைய முறையில் இழந்தவர், காகிதம் கையில் இல்லாத காரணத்தால் தோற்கிறார். இரண்டு முறைகளில் முன்னதன் பிழையை என்னால் மன்னிக்க முடிகிறது.

அதுவரை காகிதம் சேர்க்கத்தான் வேண்டும். ரயில் ரத்து என்று வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் வைப்பது, அன்றைய வானிலை அறிக்கையையும் மாவட்ட ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பையும் இறக்கி வைப்பது, விடுதி பணம் தர மறுத்ததை எழுத்தில் வாங்குவது. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரையிலான வழக்குகளை அங்கே கேட்கிறார்கள். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பிடிக்காவிட்டால் பாலிசிதாரர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பயணக் காப்பீடு முழுவதிலும் தராசு பயணியின் பக்கம் சாய்ந்திருக்கும் இடம் இது ஒன்றுதான். விற்கும்போது காட்டும் பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் போடும் நிறுவனத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.