கேட்ட காதும் பிடித்த கையும்: ‘மெட்ராஸ் கஃபே’ குறித்து

ஷூஜித் சர்க்கார் இயக்கிய ‘மெட்ராஸ் கஃபே’ என்னும் இந்தித் திரைப்படம் 2013 ஆகஸ்டில் வெளிவந்தபோது, எதிர்ப்பின் காரணமாகத் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் அது காட்டப்படவில்லை. 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த ராஜீவ் காந்தி கொலையைத் தழுவிய இப்படத்தை இறையியல் மாணவர் ஒருமுறை காண்பது நலமென எண்ணுகிறோம்.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்படும் உளவு அதிகாரி விக்ரம் சிங்கே கதைத்தலைவன். இடைமறித்துக் கேட்ட உரையாடல்களின் சங்கேதத்தை அவிழ்க்கையில், முன்னாள் பிரதமரைக் கொல்லும் சதி வெளிப்படுகிறது. செய்தி கிடைத்தும் உயிர் காக்கப்படவில்லை.

இவ்விடத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 23ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. பவுலைக் கொல்லுமட்டும் உண்பதில்லை, குடிப்பதில்லை என நாற்பதுக்கு மேற்பட்டோர் சபதம் செய்ததை அவருடைய சகோதரியின் குமாரன் கேள்விப்படுகிறான். பெயர்கூடச் சொல்லப்படாத அவ்விளைஞனின் கையைப் பிடித்துத் தனியே அழைத்துச் சென்று கேட்கிறான் சேனாபதி. அன்றிரவே 470 வீரர் புறப்படுகின்றனர். அங்கே கேட்டது உறவின் காது. படத்தில் கேட்பதோ சம்பளக் காது. புதுச்சேரியில் வாழும் நமக்கு இந்த இரண்டாவது காது புதிதன்று. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்ட பின்னர், பாரதியையும் வ. வே. சு. ஐயரையும் இந்நகரத் தெருக்களில் பின்தொடர்ந்த ஆங்கில அரசின் ஒற்றர்களுக்கும் அதே காதுதான்.

விக்ரம் தன் கதையை ஒரு தேவாலயத்தில் குருவானவரிடம் சொல்வதாக இயக்குநர் அமைத்திருக்கிறார். நல்ல அமைப்பு, ஆனால் அரைகுறையான பாவ அறிக்கை. எதிர்க்குழுவுக்கு ஆயுதமளித்துப் பிளவுண்டாக்கச் சென்றவன் அவனே. அதைப் படம் மறைக்கவில்லை என்பது உண்மை. எனினும் அவன் சொல்வதில் துயரம் இருக்கும் அளவுக்கு மனந்திரும்புதல் இல்லை. தோல்விக்கு வருந்துகிறான், அனுப்பப்பட்ட வேலைக்கு வருந்துகிறானில்லை.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஒட்டுக்கேட்பதையே பொருளாகக் கொண்ட இப்படத்தில் ஈழத்துப் பொதுமக்கள் பெரும்பாலும் அகதிகளாகவும் பிணங்களாகவுமே வருகின்றனர். போராளிகளின் உரையாடலைச் சொல் சொல்லாக அவிழ்க்கும் அலுவலர்கள், அம்மக்களிடம் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்பதில்லை. எதிர்த்தவர்கள் வாதிட வேண்டியது இதைப் பற்றியே. அவர்களோ படத்தை எவரும் பாராதபடி செய்துவிட்டனர்.