அப்பாவின் இ.எக்ஸ்.5இல் லாசா மலைக்கு

இந்த மோட்டாரின் பின்பக்கத்தில் நான்கு பற்றுத் தழும்புகள் இருக்கின்றன. ஆயர் தாவார் பக்கத்து எஸ்டேட்டில் அப்பா பால் வெட்டிய காலத்தில், இரண்டு பக்கமும் பால் தோம்பு தொங்கவிட இரும்புச் சட்டம் பற்றவைத்திருந்தார். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு சட்டத்தை அறுத்து எடுத்தாயிற்று, தழும்பு மட்டும் நின்றுவிட்டது. போன தீபாவளி லீவின் கடைசி மூன்று நாளுக்காக அதே இடத்தில் புதுச் சட்டம் ஒன்றை போல்ட் போட்டு மாட்டினேன். ஒரு பக்கம் தொட்டில் படுக்கையும் தார்ப்பாயும். மறுபக்கம் அரிசி, நெத்திலிக் கருவாடு, ஒரு சட்டி, சின்ன கேஸ் அடுப்பு. தோம்பு தொங்கிய உயரத்திலேயே இதையும் தொங்கவிட்டேன். சுமை எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று அப்பாவுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. விடிகாலை இருட்டில் மேட்டிலும் பள்ளத்திலும் பால் தளும்பாமல் ஸ்டோருக்குக் கொண்டுபோனவர் அவர்.

மோட்டார், ஹோண்டா இ.எக்ஸ்.5. மலேசியாவில் கப்சாய் என்றால் பலருக்கு முதலில் நினைவு வருவது இதுதான். 'கப்' என்ற ஆங்கிலப் பெயரோடு 'குட்டி' என்று பொருள்படும் சீனச் சொல் 'சாய்' ஒட்டிக்கொண்டு வந்த பேர் என்பார்கள். வம்சத்தின் மூத்தது 1958இல் ஜப்பானில் பிறந்த சூப்பர் கப். 2017இல் அந்த வம்சம் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டியது. இ.எக்ஸ்.5 நம் நாட்டில் ஓடத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. என்னிடம் இருப்பது கார்பரேட்டர் வைத்த பழைய 97 சி.சி. எஞ்சின், நான்கு கியர், கிளட்ச் பிடி கிடையாது, முன்னும் பின்னும் டிரம் பிரேக்.

இதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறேன் என்றதும் சித்தியவானில் வேலை செய்யும் கூட்டாளிகள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவரிடம் கவாசாகி கே.எல்.எக்ஸ்.150 இருக்கிறது. அது மலைக்காகவே செய்த சாமான்: முன் சக்கரம் 21 அங்குலம், தரையிலிருந்து வயிற்றுப் பகுதி 29 செண்டிமீட்டருக்கும் மேல், இருக்கை 87 செண்டிமீட்டர் உயரம், எடை 118 கிலோ. இரவல் தருகிறேன் என்றுகூடச் சொன்னார். ஏறி உட்கார்ந்தால் என் ஐந்தடி நாலு அங்குலத்துக்குக் கால் நுனிதான் தரையைத் தொட்டது. இன்னொருவர் பி.எம்.டபிள்யூ ஆர்1250ஜி.எஸ். படம் காட்டி, போனால் இதில் போகவேண்டும் என்றார். 249 கிலோ! சேற்றில் சாய்ந்தால் ஒரு கம்பத்தையே கூப்பிட வேண்டும்.

தனியாக மலைக்குப் போகிறவன் வண்டியிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி எத்தனை குதிரைசக்தி என்பதல்ல. நீ விழுந்தால் நான் ஒருத்தனாகத் தூக்க முடியுமா? இ.எக்ஸ்.5 சுமார் நூறு கிலோ. மூன்று நாளில் ஐந்து முறை விழுந்தது, ஐந்து முறையும் மூட்டையை அவிழ்க்காமலே தூக்கி நிறுத்தினேன். இந்த விமர்சனத்தின் முக்கால் பங்கு இந்த ஒரு வரிதான்.

கிளம்பும் முன் ஆயர் தாவார் கடைத்தெருவில் மோட்டார் கடை வைத்திருக்கும் கிழவரிடம் விட்டேன். என் அப்பாவையே இன்னும் 'தம்பி' என்று கூப்பிடும் சீனர். பின்பக்க ஸ்புரோக்கெட்டைப் பெரிதாக்கச் சொன்னதும், சங்கிலியை மூடியிருக்கும் தகரக் கவசத்துக்குள் அது அடங்காதே என்று யோசித்தார், பிறகு கவசத்தையே கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். ஸ்டாக் டயர் முன்னால் 2.25-17, பின்னால் 2.50-17. சைக்கிள் டயருக்கு அண்ணன் மாதிரி இருக்கும். பின்னால் மட்டும் பெரிய பூப் போட்ட டயர் மாட்டினோம். புது சங்கிலி, பிரேக் கட்டை, எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து முந்நூறு வெள்ளி ஆகவில்லை. ஸ்பேர் சாமானாக ஒரு டியூப், ஒரு பிளக், சங்கிலி ஜாயின்ட் இரண்டு, பிரேக் வயர் ஒன்று. கிழவர் பழைய சட்டைத் துணி ஒன்றையும் சுருட்டி இருக்கைக்கு அடியில் திணித்தார். எதற்கு என்று கேட்கவில்லை. ஆற்றங்கரையில் தெரிந்தது.

தார் ரோட்டில் சொல்ல அதிகமில்லை. மணிக்கு அறுபது, எழுபது. பின்னால் வரும் லாரி ஹார்ன் அடித்தால் ஓரம் ஒதுங்கிக்கொள்ள வேண்டியது. கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ரப்பர் மரத்தடியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். 1877இல் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில் நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது அது ஒன்றுதான். நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றிய பயிரின் பாட்டி மரம். பால் சுமந்த மோட்டாரை அதன் நிழலில் நிறுத்தாமல் போக மனம் வரவில்லை.

சுங்கை சிப்புட் தாண்டி லாசாவில் பெட்ரோல் போத்தல் நிரப்பிக்கொண்டேன். இ.எக்ஸ்.5இன் பெரிய குறை இங்கிருந்து தொடங்குகிறது: டாங்க் சிறியது. நான் ஓட்டும் ஓட்டுக்கு நிரப்பினால் நூற்றைம்பது, நூற்றெழுபது கிலோமீட்டர், மேட்டில் அதற்கும் கீழே. போக வர 291 கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் குடித்தது. சிக்கனத்தில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மலைக்குள் பெட்ரோல் ஸ்டேஷன் கிடையாது.

லாசாவுக்கு மேலே புலுஸ் ஆற்றை ஒட்டிய மலைகள் தெமியார் ஓராங் அஸ்லிகளின் இடம். போஸ் பியா, போஸ் லெகாப் என்று பெயர்ப்பலகைகள் வரும். அவசரகாலத்தில் காட்டுக்குள் கட்டிய கோட்டைகளின் மிச்சம் அந்த 'போஸ்'. அவசரகாலமே 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுடப்பட்ட நாளில் தொடங்கியதுதானே. இப்போது பலகை உள்ள வழியெல்லாம் நல்ல வழி என்று நம்பிவிடாதீர்கள். தார் கொஞ்ச தூரம் வரும், பிறகு மழை அரித்த களிமண், பிறகு மரம் ஏற்றும் 'சன் தாய் வோங்' லாரிகள் உழுத இரட்டைப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் இறங்கினால் மோட்டாரின் கால்மிதியே இரண்டு பக்கமும் இடிக்கும். வயிற்றுக்கும் தரைக்கும் ஒரு சாண்கூட இல்லாத வண்டி இது. சைலன்சர் கல்லில் உரசும் சத்தத்தை மூன்று நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கே.எல்.எக்ஸ். இந்த இடத்தில் சிரித்துக்கொண்டே போயிருக்கும், மறுக்கவில்லை.

மேட்டில்தான் எனக்கு ஆச்சரியம். கிளட்ச் பிடி இல்லாதது குறை என்று நினைத்துக்கொண்டு போனேன். சூப்பர் கப்பை வடிவமைத்தபோது, ஒரு கையில் நூடல்ஸ் தட்டு ஏந்திக்கொண்டு மறுகையால் ஓட்டும் கடைப் பையனை மனத்தில் வைத்துக் கிளட்ச் பிடியை எடுத்துவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. எஞ்சின் சுற்றும் வேகத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும் கிளட்ச் அது. மேட்டில் பாதியில் நின்றுவிட்டால் எஞ்சின் அணையாது. மூச்சு வாங்கிவிட்டு, முதல் கியரில் முறுக்கினால் ஊர்ந்து ஏறும். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றித் தவளை மாதிரித் தள்ளிக்கொண்டே ஏறலாம், இடது கைக்கு வேலையே இல்லை. புதிதாக ஓட்டுகிறவன் மலையில் தடுமாறுவது பாதி நேரம் அந்த இடது கையால்தான்.

ஒரு வளைவில் நான் இப்படித் தவளையாட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, மேலேயிருந்து இன்னொரு இ.எக்ஸ்.5 இறங்கி வந்தது. ஒரு தெமியார் இளைஞன், முன்னால் குழந்தை, பின்னால் மனைவி, அவள் பக்கத்தில் கட்டிய கேஸ் தோம்பு. கவசம் எதுவும் இல்லை, முன் கூடை மட்டும் உண்டு. நின்று என் வண்டியைச் சுற்றிப் பார்த்தான். "ஆனே, காற்றை இறக்குங்கள்" என்று மலாயில் சொல்லிவிட்டு, அவனே குனிந்து பின் டயர் வால்வை விரலால் அழுத்தினான். டயர் மெத்தென்று ஆனதும் கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு நான் விழுந்தது ஒரே தடவைதான். ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்து வாங்கும் பயிற்சி வகுப்புகள் உண்டு. எனக்கு அரை நிமிடத்தில் கிடைத்தது.

இறக்கம் வேறு கதை. முதல் கியரில் எஞ்சினே பிடித்துக்கொள்ளும், அதுவரை நிம்மதி. ஆனால் பயத்தில் கியர் மிதியை அழுத்தியபடியே இருந்தால் கிளட்ச் விட்டுவிடும், வண்டி சறுக்குமரம் மாதிரி ஓடும். காலை மிதியிலிருந்து எடுத்துவிடவேண்டும், இதை எழுதி ஹேண்டிலில் ஒட்டிவைத்தாலும் தகும். டிரம் பிரேக் ஓடையைக் கடந்தவுடன் கொஞ்ச தூரம் வேலை செய்யாது. லேசாகப் பிடித்தபடியே ஓட்டி உலர்த்தவேண்டும். இரவில் விளக்கும் அப்படித்தான்: பழைய மாடலில் எஞ்சின் வேகம் குறைந்தால் வெளிச்சமும் குறையும். மெல்ல இறங்கும் இடத்தில்தான் வெளிச்சம் வேண்டும், அங்கே மங்கிவிடும். ஆகவே இருட்டில் ஓட்டவில்லை. நான்கு மணிக்கே இடம் தேடினேன்.

இரண்டாம் நாள் ஓடை. முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். காற்று வடிகட்டி ஹேண்டில் கழுத்துக்குப் பக்கத்தில் உயரத்தில் இருக்கிறது, எஞ்சின் தண்ணீர் குடிக்காது என்று தைரியமாக இறங்கினேன். சிலிண்டர் படுத்த வாக்கில் இருப்பதையும், பிளக் முன் சக்கரத்துக்குப் பின்னாலேயே தாழ இருப்பதையும் மறந்துவிட்டேன். நான் வேகமாக இறங்கியதால் சக்கரம் வாரி அடித்த தண்ணீர் நேராக அங்கே. நடு ஓடையில் அணைந்தது. தள்ளிக் கரையேற்றிப் பிளக்கைக் கழற்றினேன். அப்போதுதான் இருக்கைக்கு அடியிலிருந்த பழைய சட்டைத் துணி நினைவுக்கு வந்தது. துடைத்து மாட்டி ஐந்தாவது உதையில் உயிர் வந்தது. திரும்பும்போது அதே ஓடையில் நடக்கும் வேகத்தில் இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கரை மணல் திட்டு படுக்க அழகான இடம். அங்கே படுக்கவில்லை. மேலே மலையில் பெய்யும் மழை கீழே வெயிலடிக்கும்போதே சுவர் மாதிரி வரும். 'கெப்பாலா ஆயர்' என்று மலாய்க்காரர்கள் சொல்வதை நாமும் அப்படியே சொல்கிறோம். 1996 ஆகஸ்ட் 29இல் கம்பார் பக்கத்து போஸ் டிப்பாங்கில் சேறும் மரமுமாக இறங்கிய வெள்ளம் 44 பேரைக் கொண்டுபோனது. கம்பத்துத் தலைவரைக் கேட்டு, வீடுகளுக்குக் கொஞ்சம் தள்ளி மேட்டு நிலத்தில் இரண்டு மரங்களுக்கிடையே தொட்டிலைக் கட்டினேன். கூடாரம் வேண்டாம். நம் மலையில் சமதரை கிடைப்பது அரிது, ஈரத்தில் அட்டை வேறு. மூன்றாவது மரம் இல்லாத குறைக்கு மோட்டாரையே சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, தார்ப்பாயின் ஒரு மூலையை ஹேண்டிலில் கட்டினேன். ராத்திரி முழுக்க மழை. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் சரிந்து இருக்கையில் கொட்டியதே தவிர என் மேல் இல்லை. வாழைப்பழத்தை மட்டும் கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்று தலைவர் எடுத்துக்கொண்டு போனார். வழியில் பார்த்த யானைச் சாணம் புதுசு.

கைபேசி வரைபடத்தைப் பற்றி ஒரு வரி: முன்கூட்டியே இறக்கி வைத்தது வேலை செய்தது, ஆனால் அது காட்டிய இரண்டு வழிகளை மண்சரிவு எப்போதோ மூடிவிட்டது. தெமியார்கள் சொன்ன வழிதான் சரி.

யாருக்கு இந்த மோட்டார்? வேகம் வேண்டுபவருக்கு இல்லை. உயரமானவருக்கு இல்லை, முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும். இரண்டு பேராக மூட்டையோடு ஏற நினைப்பவருக்கும் இல்லை, அந்தத் தெமியார் தம்பதியின் திறமை நமக்கு வராது. தனியாக, மெதுவாக, விழுந்து எழுந்து போகத் தயாராக இருப்பவருக்கு இதைவிட மலிவாக ஒன்று கிடைக்காது. நான் போன சமயத்தில் புதிது ஐயாயிரம் வெள்ளியைச் சுற்றி இருந்தது. பழையது அதில் பாதிக்குக் கிடைத்தது. பி2 லைசென்ஸ் போதும். எந்தக் கம்பத்துக் கடையிலும் சாமான் உண்டு.

போக நினைப்பவர்களுக்கு: நிரந்தர வனக் காப்புக்குள் காலெடுத்து வைக்க 1984 வனச் சட்டப்படி காட்டிலாகாவின் அனுமதிச் சீட்டு வேண்டும், முன்னாலேயே எழுதி வாங்குங்கள். கம்பத்துக்குள் நுழைந்ததும் முதலில் தலைவர் வீடு எது என்று கேளுங்கள். பெட்ரோலை லாசாவிலேயே நிரப்புங்கள். பழைய சட்டைத் துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.