சிகிச்சையும் இடைவிலகலும்: சசூனின் நூலொன்றை முன்வைத்து ஒரு நோக்கு

போர் முடிந்த பின்னும் போரினின்று மீளாத வீரர் சிகிச்சையை நாடி வருவதும், வந்தோருட் பலர் இடைநடுவில் விட்டு நீங்குவதும் இன்றைய உளமருத்துவர் பெரிதும் ஆராயும் விடயங்களாகும். அவ்வாய்வுகளைப் படிக்குந்தோறும் சீக்பிரீட் சசூன் 1936இல் வெளியிட்ட 'ஷேர்ஸ்ரனின் முன்னேற்றம்' என்னும் தன்வரலாற்றுப் புனைகதையே எமது நினைவுக்கு வருகின்றது. திறனாய்வாளர் இதனைப் போரிலக்கியமாகவே பெரும்பாலும் நோக்குவர். சிகிச்சை பற்றிய நூலாகவும் இதனைப் படித்தல் கூடும் என்பது எமது கருத்து.

போரைத் தொடர்வதற்கெதிராக அறிக்கை விடுத்த சசூன், 1917 யூலையில் எடின்பரோவிலுள்ள கிறெய்க்லொக்காட் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவரைப் பொறுப்பேற்றவர் றிவேர்ஸ். (நீலகிரித் தோதவரை ஆராய்ந்து 1906இல் நூல் எழுதியவரும் இவரே.) நூலில் வைத்தியசாலையின் பெயரும் கதைத்தலைவன் பெயரும் மாற்றப்பட்டுள்ளன, றிவேர்ஸின் பெயர் மட்டும் மாற்றப்படவில்லை. சசூன் உண்மையில் நோயாளியா என்று வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. எனினும், பகலில் நகைத்து உரையாடிய அதிகாரிகள் இரவிற் கனவினால் அலறும் அவ்விடுதியை அவர் வெளியாளாக நின்று எழுதவில்லை.

அங்கே சிகிச்சையைப் பூர்த்தி செய்தல் என்பது மீண்டும் போர்முனைக்குத் தகுதி பெறுதலாகும். அவ்வாறு தேறிச் சென்ற கவிஞர் வில்பிரட் ஓவன் 1918 நவம்பர் 4ஆந் திகதி மடிந்தார். பின் ஒருவர் எதனாற் பூர்த்தி செய்வார்? றிவேர்ஸின் வாதங்கள் ஷேர்ஸ்ரனை வென்றனவாக நூல் காட்டவில்லை. போர்முனையில் விட்டு வந்த தன் வீரரைப் பற்றிய குற்றவுணர்வும் அம்மருத்துவர்மீது கொண்ட நம்பிக்கையுமே அவனை நடத்துகின்றன. மருத்துவச் சபைமுன் தோன்றவேண்டிய நாளிற் காத்திருக்கப் பொறாது தேநீருண்ண எழுந்து போய்விடுகின்றான். இன்றைய கணக்கில் அது இடைவிலகல். றிவேர்ஸ் முதலிற் சினந்து, காரணங் கேட்டதும் நகைத்துவிடுகின்றார். மறுமுறை அவன் சபைமுன் தோன்றுகின்றான்.

இனி இக்காலத்துக்கு வருவோம். நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய் 1980இல் அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டில் இடம்பெற்றது. இன்று அந்நாட்டு முன்னாட் படைவீரர்க்குச் சிறப்பாக அளிக்கப்படுவன இரண்டு: கொடிய நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுரைக்கச் செய்து அச்சத்தைத் தணிக்கும் முறை ஒன்று; அந்நிகழ்ச்சி பற்றிய எண்ணங்களை எழுத்தில் வைத்து ஆராய்ந்து திருத்தும் முறை மற்றொன்று. 916 படைவீரரிடையே இரண்டையும் ஒப்பிட்டு 2022இல் வெளிவந்த ஆய்வில், முதலாவதில் 55.8 வீதத்தினரும் இரண்டாவதில் 46.6 வீதத்தினரும் இடைவிலகினர். தொழில், பயணத்தூரம் முதலிய காரணங்கள் எளிதில் விளங்குவன. நினைவைத் தவிர்த்தல் இந்நோயின் தலையாய குறி என்பதே சிந்திக்கற்பாலது. நினைவைக் கிளறும் அறைக்கு வராதவனை ஒத்துழையாதவன் எனல், குறியைக் குற்றமாகக் கொள்வதாகும்.

குணமடைந்தோர் பலர் உளர். அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் 2015இல் வெளிவந்த மதிப்பாய்வொன்று, இச்சிகிச்சைகளைப் பெற்ற படையினருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பின்னரும் நோய் வரையறைக்குள்ளேயே இருந்தனர் எனக் கண்டது. தான் அஞ்சியதைப் பன்முறை கூறின் அச்சந் தேயலாம். தான் செய்ததையோ செய்யத் தவறியதையோ கூறுபவனுக்குத் தேயவேண்டியது அச்சமன்று. இரண்டாம் முறை குற்றவுணர்வையும் கருதுகின்றது என்பது உண்மையே. ஆயினும் தன் குற்றவுணர்வு 'பிழையான எண்ணம்' எனக் கேட்கும் வீரன், இறந்த தோழனையே மறக்கச் சொல்கின்றார்கள் என்று எண்ணி எழுந்து போதலுங் கூடும். ஷேர்ஸ்ரனின் குற்றவுணர்வை றிவேர்ஸ் பிழையென்று தள்ளவில்லை. ஆனால் அதுவே அவனைப் போர்முனைக்குத் திருப்பியது என்பதையும் நாம் மறைத்தலாகாது.

சசூனின் நூலுக்கும் எல்லையுண்டு. கிறெய்க்லொக்காட் அதிகாரிகளுக்கான வைத்தியசாலை. சாதாரண வீரருட் பெரும்பாலோர்க்கு றிவேர்ஸ் வாய்த்திலர். இலண்டனில் யெலண்ட் என்னும் மருத்துவர், பேச்சிழந்த போர்வீரன் ஒருவனைக் கதவு பூட்டிய அறையில் வைத்து, பேசினாலன்றி வெளியேற இயலாதெனக் கூறி, மணிக்கணக்காக மின்னதிர்ச்சி கொடுத்ததை 1918இல் தாமே நூலாக வெளியிட்டார். அவன் பேசினான் என அந்நூல் சொல்கின்றது. அவன் எழுதிய நூல் எதுவும் இல்லை.