கிரீஸின் ஓரத்திலிருந்து

தென்னாப்பிரிக்காவின் அந்த வேகப்பந்து வீச்சாளரைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "என்ன உடம்புய்யா அது!" 1998இல் தேசிய அணிக்கு ஆடிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். நாள் முழுக்கப் போட்டாலும் சளைக்க மாட்டார். ஐபிஎல் தொடங்கிய 2008இல் சேப்பாக்கமும் அவரைப் பார்த்திருக்கிறது. பெயரைச் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

உடம்பை மெச்சியவர்கள் மூளையைக் கவனிக்கவில்லை என்பதுதான் என் சண்டை. கிரீஸின் ஓரத்துக்குப் போய்ப் பந்தை விடுவார். ஒரே வித்தை தெரிந்த வண்டிமாட்டு உழைப்பு என்று அதை ஒதுக்கினார்கள். எனக்கோ அது தெரிந்தே செய்த பேரம். அந்தக் கோணத்தில் எல்பிடபிள்யூ கிடைப்பது கஷ்டம். பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிப் போய்விடும். அதை விட்டுக்கொடுத்து அவர் வாங்கியது வேறு. பந்து உள்ளே வரும் என்று நம்பி வலக்கை ஆட்டக்காரர் ஆடியே ஆக வேண்டும். பிட்ச் ஆனபின் நேராகிற ஒரே ஒரு பந்து மட்டையின் விளிம்பைத் தொட்டு ஸ்லிப்புக்குப் போகும். இடக்கைக்காரருக்கு எல்லாப் பந்துமே விலகிப் போகும். அந்த ஒரு பந்துக்காக ஐந்து ஓவர் ஆட்டக்காரரைப் பழக்கி வைக்க யோசனை வேண்டும்.

ஓட்டலிலிருந்து மைதானத்துக்கு அவர் ஓடியே வருவதையும் இப்படித்தான் தப்பாகப் படித்தோம். பையை பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஓடுவார்; திரும்பும்போதும் அப்படியே. உடற்தகுதிக்கு அதையே உதாரணம் காட்டினோம். 2020இல் அவரே காரணத்தைச் சொன்னார். பஸ்ஸின் பின்பக்கம் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் முன்பக்கம் போய்விடுவார்களாம். சாப்பிடப் போகலாம் வா என்று அறைக்கதவைத் தட்ட ஆளில்லையாம்.

இதைக் கிரிக்கெட்டோடு சேர்த்துப் பார்க்க அலசல்காரர்களுக்கு மனம் வரவில்லை. பந்துவீச்சு ஜோடித் தொழில். எந்த ஆட்டக்காரருக்கு எந்த லெங்த் ஆகாது, எந்த முனையில் காற்று உதவும் என்பதெல்லாம் இரவுச் சாப்பாட்டில் கைமாறுகிற சங்கதி. அந்த மேசைக்கு அழைக்கப்படாதவர், யாரையும் கேட்காமல் தானே நடத்தக்கூடிய திட்டம் ஒன்றை வைத்துக்கொள்வார். கிரீஸின் ஓரத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

2016இல் தென்னாப்பிரிக்க அணிக்கு ஓர் இலக்கு வந்தது: பருவச் சராசரியில் 11 பேரில் 6 பேர் வெள்ளையர் அல்லாதவர், அதில் 2 பேர் கறுப்பின ஆப்பிரிக்கர். நான் அதை ஆதரிக்கிறவன். ஆனால் யாரோடு யார் சாப்பிட்டார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. அந்நாட்டுக் கிரிக்கெட் வாரியத்தின் 2021 சமூகநீதி விசாரணையில் முன்னாள் வீரர்கள் பலரின் சாட்சியம் ஓய்வறையைச் சுற்றியே இருந்தது.

இனி நாம் பார்க்க வேண்டியது ஸ்லிப்பை. ஓவருக்கு ஓவர் அணியின் பேச்சு நடக்கிற இடம் அது. கறுப்பின ஆட்டக்காரர்கள் அங்கே வழக்கமாக நின்று வியூகம் சொல்லத் தொடங்கினால், அடுத்த பத்தாண்டில் ஃபைன் லெக்கில் நிற்கும் இளம் வீச்சாளர்களின் கையில் சரக்கு கூடும். சில வாரங்களே நடக்கும் லீக்குகளில்தான் நிலைமை மோசமாகும் என்பது என் கணிப்பு. பழகுவதற்குள் தொடர் முடிந்துவிடும். ஒதுக்கப்பட்ட பையனை "கூச்ச சுபாவம்" என்று எழுதி விடுவித்துவிடுவார்கள். அப்படி விடுவிக்கப்பட்ட ஒருவன் வேறொரு அணிக்குப் போய், இரண்டே பருவத்தில் அந்த லீக்கிலேயே அதிக விக்கெட் எடுப்பான். பந்தயத்துக்கு நான் தயார்.